கடல் விலகிய தெரு

நுழையும்முன்

பிறந்த மண்ணை விட்டுக் கடல்கடந்து சென்ற எளிய மக்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்கவில்லை. அவர்கள் எழுப்பிய கட்டடங்களும் கையாண்ட பொருள்களுமே அவ்வரலாற்றுக்குச் சான்றாகின்றன. சிங்கப்பூரின் ஒரே தெருவில் சீனர் எழுப்பிய கோயில் ஒன்றும், நாகூர்க் கரையை நினைந்து தமிழர் எழுப்பிய நினைவிடம் ஒன்றும் இன்று அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. அவ்விரண்டையும் ஒருசேரக் காண்பது இப்பாடம்.

ஒரே கரை, இரு திசைகள்

காரைக்கால் நகருக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர் பட்டினச்சேரி. அதற்குத் தெற்கே வாஞ்சூர். வாஞ்சூரைக் கடந்தால் நாகூர். அதனையும் கடந்தால் நாகப்பட்டினம். ஆட்சி எல்லையால் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. நாகூரும் நாகப்பட்டினமும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. ஆயினும், கடலிலிருந்து பார்ப்பவருக்கு இவையெல்லாம் ஒரே மணற்கரை. ஒரே தென்னந்தோப்பு வரிசை.

இக்கரையிலிருந்து புறப்பட்டவர்கள் இரு திசைகளிலும் சென்றனர். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்காலிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். நாகூர், நாகப்பட்டினம் துறைகளிலிருந்து சென்றவர்களோ கிழக்கு நோக்கிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். துணிமூட்டைகளோடு மரக்கலங்களில் சென்ற வணிகர்கள் அவர்களுள் முந்தையோர். நீராவிக் கப்பல்கள் வந்தபின் அப்பயணம் எளிதாயிற்று. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்னும் வழியில் பல்லாண்டுகள் ஓடியது. அக்கப்பலின் பெயரை இன்றும் சொல்லும் முதியவர்கள் காவிரிக் கடைமடை ஊர்களில் உண்டு.

சென்றவர்கள் எங்கே கரையிறங்கினர்? இறங்கியதும் என்ன செய்தனர்? இவ்வினாக்களுக்கு விடைதேடிச் செல்வோர் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில்தான் முதலில் கால்வைக்க வேண்டும்.

கரையேறிய இடம்

மலாய் மொழியில் ‘தெலுக்’ என்பது விரிகுடாவையும் ‘ஆயர்’ என்பது நீரையும் குறிக்கும். பெயரில் இரட்டிப்பாக நீர் இருக்கிறது; தெருவிலோ இன்று கடலே இல்லை. உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு இடையில், மரநிழல் விழும் ஒரு குறுகிய தெருவாக அது கிடக்கிறது. கடல் எங்கே என்று கேட்டால் கிழக்குப் பக்கத்தைக் கைகாட்டுவர்; அங்கேயும் கண்ணாடிச் சுவர்கள்தாம் தெரியும்.

1819இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமம் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்தபோது இத்தெரு கடற்கரையாகவே இருந்தது. பெரிய மரக்கலங்கள் சற்றுத் தொலைவில் நங்கூரமிடும். அங்கிருந்து சிறுபடகுகளில் மக்களும் மூட்டைகளும் இக்கரைக்கு வந்து சேர்வர். தென்சீனத்தின் பூஜியன், குவாங்டொங் பகுதிகளிலிருந்து வந்த சீனர்கள் இங்கே இறங்கினர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் இசுலாமியரும் இங்கேயே இறங்கினர். இவர்களைச் ‘சூலியர்’ என அக்கால ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. பினாங்கிலுள்ள சூலியா தெரு இவர்களால் பெற்ற பெயர்தான். சிறுவணிகம், நாணயமாற்று, படகோட்டுதல், துறைமுகச் சுமைவேலை ஆகியவை சிங்கப்பூரில் இவர்களின் தொழில்களாக இருந்தன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய படகுகளில் துடுப்புப் பிடித்த கைகளில் தமிழர் கைகளும் இருந்தன.

வந்தவர்கள் தமக்கென நிலையான வீடு அமைத்துக் கொள்வதற்கு முன்னரே வழிபாட்டிடம் அமைத்தனர். 1824இல் சீனர்களின் ‘ஃபுக் தக் சி’ என்னும் சிறுகோயில் தோன்றியது. 1827இல் தமிழ் இசுலாமியர் ஓலைக்கூரை வேய்ந்த ஒரு தொழுகைக் குடிலை எழுப்பினர். 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்காவின் நினைவிடம் எழுந்தது. 1839இல் தொடங்கி 1842இல் ‘தியான் ஹொக் கெங்’ என்னும் பெருங்கோயில் கட்டி முடிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள், ஒரே கரையில், அடுத்தடுத்து நான்கு வழிபாட்டிடங்கள்!

இதனைப் பக்திப் பெருக்கு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பருவக்காற்றை நம்பிக் கடலில் வந்தவனுக்கு உயிரோடு கரைசேர்ந்ததே பெரும்பேறு. நன்றி சொல்ல ஓரிடம் தேவைப்பட்டது உண்மையே. அதனினும் பெரிய தேவைகள் அடுத்தநாள் காலையில் காத்திருந்தன. வேலை யாரிடம் கிடைக்கும்? ஊருக்குக் கடிதம் எழுதித் தருபவர் யார்? கூலியில் தகராறு வந்தால் தீர்த்து வைப்பவர் யார்? செத்தால் புதைப்பவர் யார்? ஒரே மொழி பேசுவோர் கூடும் இடம் கோயிலாகவோ பள்ளிவாசலாகவோ இருந்ததால், இவ்வினாக்களுக்கான விடையும் அங்கேதான் கிடைத்தது. அவ்வகையில் இக்கட்டடங்கள் வழிபாட்டிடங்களாக இருந்ததோடு ஊர்ச்சாவடிகளாகவும் விளங்கின.

1879 முதல் 1887 வரை நடைபெற்ற கடல்தூர்ப்புப் பணி இக்கரையின் அமைப்பையே மாற்றிவிட்டது. அருகிலிருந்த வாலிச் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்தனர். கடல் விலகிச் சென்றது. கரையாக இருந்த தெரு நகரின் நடுவே நின்றுவிட்டது. குன்றும் மறைந்தது.

பெரியவர் குடியிருந்த கோயில்

தெலுக் ஆயர் தெருவின் 76ஆம் எண் கட்டடம் ஃபுக் தக் சி. சீன மொழியில் இப்பெயர் நற்பேறு, நல்லறம், கோயில் என்னும் மூன்று பொருளையும் இணைத்துச் சுட்டும். ஹக்கா மொழி பேசுவோரும் கான்டனீசு மொழி பேசுவோரும் சேர்ந்து இதனை நிறுவினர். இரு பிரிவினருக்கும் பொதுவான அமைப்பின் இருப்பிடமாகவும், அவர்களுக்குள் எழும் பூசல்களைத் தீர்க்கும் மன்றமாகவும் இது பயன்பட்டது.

இங்குக் குடிகொண்டிருந்த தெய்வத்தின் பெயர் ‘துவா பெக் கோங்’. நிலத்தையும் அதில் வாழ்வோரையும் காக்கும் தெய்வம் இது. ‘பெக் கோங்’ என்பது தாத்தாவின் தமையனைக் குறிக்கும் உறவுச்சொல். தெய்வத்தை முறைசொல்லி அழைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஊர்க்காவல் தெய்வத்தை ‘ஐயன்’ என்றும், ‘அம்மன்’, ‘ஆத்தா’ என்றும் அழைத்தே பழகியவர்கள் நாம். சொந்தபந்தம் எவரும் இல்லாத அயல்மண்ணில் இறங்கிய இளைஞனுக்கு, அந்த மண்ணுக்குரிய தெய்வமே வீட்டுப் பெரியவராக முறைகொண்டது என்பது எண்ணத்தக்கது.

1994இல் இக்கோயிலில் வழிபாடு நின்றது. சுற்றிலும் குடியிருந்த மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டிருந்தனர். கட்டடம் அரசின் நகர்ப்புற மறுசீரமைப்பு ஆணையத்தின் பொறுப்பில் வந்தது. பழுதுபார்க்கப்பட்டு, 1998இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் ‘தெரு அருங்காட்சியகம்’ எனப் பெயர்பெற்றது இதுவே. அரசர்களின் வாளையோ முடியையோ எதிர்பார்த்து இங்கு வருவோர் ஏமாறுவர். தொடக்ககாலச் சீனக் குடியேறிகளின் வாழ்வோடு தொடர்புடைய ஏறத்தாழ 200 பொருள்கள் இங்குத் திரட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தெரு எவ்வாறு இருந்தது என்பதைச் சிறு பொம்மைகளாலும் சிறு வீடுகளாலும் அமைத்துக் காட்டும் காட்சியும் உண்டு. அதில் கடல், தெருவின் காலடியில் இருக்கிறது. காட்சிக்கு வெளியே வந்தால் இல்லை. அருங்காட்சியகத்தில் பிற எவற்றையும்விட இந்த ஒரு வேறுபாடே பார்ப்போர் மனத்தில் நெடுநேரம் நிற்கக்கூடியது.

ஒரு வேடிக்கையும் இங்குண்டு. இக்கட்டடத்தின் பின்னே தங்கும் விடுதி ஒன்று இயங்குகிறது. அதற்குச் செல்லும் வழி அருங்காட்சியகத்தின் ஊடாகவே அமைந்துள்ளது. விமானத்தில் வந்து இறங்கிய பயணி, உருளைப்பெட்டியை இழுத்துக்கொண்டு பழைய கோயிலின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போகிறார். தகரப்பெட்டியோடு கரையேறியவர்கள் முதலில் மிதித்த அதே வாயிற்படி! பழைமையைக் கெடுத்துவிட்டனர் எனச் சிலர் முகம்சுளிக்கக்கூடும். வந்திறங்கியோருக்கென எழுந்த கட்டடத்தில் வந்திறங்கியோர் நடமாட்டம் நிற்காமலிருப்பது அவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றவில்லை.

கடல்கடந்த நாகூர்

அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் 140ஆம் எண் கட்டடம். தமிழ் மாணவர் ஒருவர் இதன் பெயர்ப்பலகையைப் படித்ததும் திகைத்து நிற்கக்கூடும்: நாகூர் தர்கா.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடங்கிய சாகுல் அமீது ஆண்டவரைக் கடலோடிகள் தம் காவலராகக் கருதினர். சமய வேறுபாடின்றி மக்கள் செல்லும் இடமாக நாகூர் தர்கா இன்றும் விளங்குகிறது. அக்கரையிலிருந்து சென்றவர்கள் சிங்கப்பூரில் எழுப்பியது அடக்கத்தலம் அன்று. இங்கு எவருடைய உடலும் இல்லை. நாகூரை நினைப்பதற்காகவே கட்டிய கட்டடம் இது. பினாங்கிலும் இத்தகைய நினைவிடம் ஒன்று உண்டு. ஊரைக் கையோடு எடுத்துச்செல்ல இயலாதவர்கள் ஊரின் அடையாளம் ஒன்றைச் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் எழுப்பிக் கொண்டனர். ஆதலால், இக்கட்டடம் 2011இல்தான் நினைவைக் காக்கும் இடமாயிற்று என்று கூறுவது முழு உண்மையாகாது. தோன்றிய நாள்தொட்டே அதன் பணி அதுதான்.

1827இல் இந்நிலம் காதர்பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டது. வழிபாட்டுக்கன்றி வேறெதற்கும் இதனைப் பயன்படுத்தலாகாது என்பது அப்போது விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் மேலைநாட்டுப் பாணியிலான தூண்களும் வளைவுகளும் உள்ளன. மேற்பகுதியில் துளையிட்ட சாளரங்களும் சிறு மாளிகை போன்ற முகப்பும் மூலைகளில் அடுக்கடுக்கான சிறு மினாராக்களும் அமைந்துள்ளன. இரு பாணிகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று கட்டடக்கலை வல்லார் கூறலாம். நாகூரின் ஐந்து மினாராக்களை நெஞ்சில் நிறுத்தி, சிங்கப்பூரில் கிடைத்த கொத்தரைக் கொண்டு கட்டினால் இப்படித்தான் அமையும். அந்த ஒட்டாமையே இக்கட்டடத்தின் வரலாறு.

1974இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்னர்க் கட்டடம் பழுதுற்று மூடிக் கிடந்தது. சீரமைப்புக்குப்பின் 2011இல் இந்திய இசுலாமியர் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த இசுலாமியரின் தொழில், உணவு, உடை, சமய வாழ்க்கை ஆகியவற்றைக் கூறும் காட்சிப்பொருள்களும் விளக்கப் பலகைகளும் இங்குள்ளன.

தெரிந்து தெளிவோம்

தமிழரும் சீனரும் அண்டையராக வாழ்ந்தது சிங்கப்பூரில்தான் முதன்முறை என்று எண்ணலாகாது. சீனத்தின் பூஜியன் மாநிலத்திலுள்ள சூவன்சௌ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அங்குச் சிவன் கோயில் ஒன்று இருந்ததை அது அறிவிக்கிறது. தெலுக் ஆயர் தெருவில் தியான் ஹொக் கெங் கோயிலை எழுப்பிய ஹொக்கியன் மக்களின் தாயகமும் அதே பூஜியன் மாநிலமே.

விளக்கு அணையாத இரு வாயில்கள்

நாகூர் தர்காவுக்கு அருகில், 158ஆம் எண்ணில் தியான் ஹொக் கெங் கோயில் உள்ளது. இதனை எந்த அருங்காட்சியகப் பட்டியலிலும் சேர்க்க இயலாது. இங்கே இன்றும் ஊதுவத்திப் புகை எழுகிறது, மக்கள் குறிகேட்கின்றனர், கைகூப்புகின்றனர். வாயிற்கூடம், வானம் பார்த்த முற்றம், அதன் பின்னே தெய்வம் உறையும் பெருங்கூடம் என அமைந்த இக்கோயிலின் மரவேலையில் ஆணிகள் பயன்படுத்தப்படவில்லை. மரத்தோடு மரம் பொருத்தியே கூரையைத் தாங்க வைத்துள்ளனர்.

கோயிலின் தலைமைத் தெய்வம் மாட்சு என்னும் கடலன்னை. பூஜியன் கரையோரத்து மெய்ச்சௌ தீவில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லின் மோ என்னும் பெண்ணே, கடலில் தத்தளித்தோரைக் காத்து, இறந்தபின் தெய்வமானாள் என்பது சீனர் நம்பிக்கை. 1840இல் இத்தெய்வத்தின் உருவம் சீனத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டது. 1907இல் சீனப் பேரரசர் குவாங்சு இக்கோயிலுக்கு எழுத்துமடல் ஒன்றை வழங்கினார். தென்கடலின் அலைகள் அமைதியுறுக என்னும் கருத்துடையது அது. அரசரே வாழ்த்தி அனுப்பியபோது, தென்கடல் இக்கோயிலை விட்டு விலகி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோயிலின் உத்தரங்களை அண்ணாந்து பார்ப்போர், அவற்றைத் தோளில் தாங்கும் சிறு மர உருவங்களைக் காணலாம். அவற்றின் முகம் சீன முகம் அன்று. அண்டையில் வாழ்ந்த இந்தியர் கோயிற்பணிக்கு உதவியதன் நன்றிக்கடனாக அவ்வுருவங்கள் செதுக்கப்பட்டன என்று வழிகாட்டிகள் விளக்குவர். கேட்கச் சுவையான செய்திதான். ஆயினும், கூரையைத் தாங்கும் அயல்நாட்டார் உருவங்கள் பூஜியன் கோயில்களிலும் உள்ளன. அது அவர்களின் பழைய சிற்பமரபு. பக்கத்து வீட்டாரைப் பார்த்துச் செதுக்கியதா, தாயகத்திலிருந்து கொண்டுவந்த மரபா என்று உறுதி கூறுவதைவிட, அண்டை அயலார் அவ்வுருவங்களில் தம்மையே கண்டனர் என்பதை மனங்கொள்வது போதுமானது.

192ஆம் எண்ணில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஓலைக்குடிலாகத் தொடங்கிய தொழுகையிடம் இதுவே. ‘குச்சு’ என்றால் சிறுகுடில். அதனால் தமிழர் இதனைக் ‘குச்சுப்பள்ளி’ என்றனர். 1850க்கும் 1855க்கும் இடையே செங்கற் கட்டடமாக உயர்ந்தபின்னும் அப்பெயர் நிலைத்தது. கட்டடம் மாறிய பின்னும் குடிலின் நினைவு ஒரு தமிழ்ச்சொல்லில் தங்கிவிட்டது. ஐவேளைத் தொழுகை இங்குத் தொடர்கிறது.

கண்ணாடிக்குள் அடங்காதவை

ஒரே தெருவில் நான்கு கட்டடங்கள். இரண்டில் வழிபாடு தொடர்கிறது; இரண்டு அருங்காட்சியகங்கள் ஆயின. இவற்றுள் எது நல்லூழ் பெற்றது?

வழிபாடு தொடரும் இடமே உயிருள்ள இடம் என்று உடனே கூறத் தோன்றும். அதில் உண்மை உண்டு. பட்டினச்சேரிக் கரையில் நிகழும் மாசிமக விழா அதற்குத் தக்க சான்று. அன்று திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். மீனவர் குலத்துப் பெண்ணான பத்மினியைப் பெருமாள் மணந்தார் என்பது தொன்மக்கதை. ஆகவே, பட்டினச்சேரி மீனவர்களுக்குப் பெருமாள் ‘மாப்பிள்ளை’. பெண்வீட்டார் மாப்பிள்ளையை எதிர்கொள்வது போல அவர்கள் பெருமாளை வரவேற்று, தோளில் சுமந்து செல்வர். பூஜியனில் மீனவப் பகுதியின் பெண் கடல்தெய்வமானாள். இங்கே மீனவர் மகள் கடவுளுக்கு மனைவியானாள். இரு கரைகளும் தம் பெண்மக்கள் வழியாகவே தெய்வத்தோடு உறவு கொண்டாடியது வியப்புக்குரியது. அந்தச் சப்பரத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கலாம். சுமக்கும் தோள்களையும் ‘மாப்பிள்ளை’ என்னும் குரலையும் எந்தப் பேழைக்குள் வைப்பது?

ஆயினும், மறுபக்கமும் உண்டு. வழிபாடு தொடரும் இடம் தன் தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும். பழைய விளக்கைப் போட்டுவிட்டுப் புதிய விளக்கு வாங்கும். பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் பளிங்கு பதிக்கும். அது தவறன்று, உயிருள்ளவற்றின் இயல்பு அது. அருங்காட்சியகமோ விட்டுவிடப்பட்ட பழைய விளக்கையே தேடி எடுக்கிறது. கோயில் தெய்வத்தின் கதையைச் சொல்லும். அக்கோயிலுக்கு வந்து, அன்றைய கூலியில் ஒரு காசை உண்டியலில் இட்டுச் சென்ற சுமைகூலியின் கதையை அது சொல்வதில்லை. அவன் பெயர் எந்தத் திருப்பணிக் கல்வெட்டிலும் இராது. பெருங்கொடை அளித்தோர் பெயர்களே அங்கு இடம்பெறும். தெலுக் ஆயரில் அந்தச் சுமைகூலியின் பங்கைப் பேசுபவை வழிபாடு நின்றுபோன இரு கட்டடங்களே.

அவையும் முழுமையாகப் பேசிவிடவில்லை. பொருள்களைக் காப்பதைவிடப் பொருள்களின் பெயர்களைக் காப்பது கடினம். நாணயமாற்று வணிகர் காசுகளை வகைபிரித்து வைத்த தட்டை எடுத்துக்கொள்வோம். தட்டு கிடைத்தால் அருங்காட்சியகம் அதனை வைத்துக்கொள்ளும். ‘நாணயத் தட்டு’ என்று சீட்டும் ஒட்டும். அவ்வணிகர் தம் மகனை அழைத்து, அதனை எந்தச் சொல்லால் எடுத்துவரச் சொன்னார்? அச்சொல்லைக் கேட்டவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொண்டால்தான் உண்டு. குச்சுப்பள்ளி என்னும் சொல் பிழைத்தது அதனைத் தொடர்ந்து சொல்வோர் இருந்ததால்தான். பட்டினச்சேரியிலும் நாகூரிலும் காரைக்காலிலும் பழைய வீட்டுப் பரண்களில் கப்பற்பயணப் பெட்டிகளும் அயல்நாட்டுக் கடிதங்களும் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைத் திறக்கும்போது அருகில் ஒரு பாட்டியும் ஒரு குறிப்பேடும் இருத்தல் நலம்.

நின்றிருந்தால்…

தெலுக் ஆயரில் கட்டடங்கள் பிழைத்தன. பட்டினச்சேரிக்குத் தெற்கே, நாகப்பட்டினத்தில், சீனத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஒரு கட்டடம் பிழைக்கவில்லை.

நாகப்பட்டினம் நெடுங்காலம் கீழைக்கடல் வணிகத்தின் பெருந்துறை. முதலாம் இராசராசன் காலத்தில் சிறீவிசய நாட்டு மன்னரின் சார்பில் இங்குச் சூளாமணி விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையளிக்கப்பட்டதைக் கூறும் செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரை அடைந்தன. 14ஆம் நூற்றாண்டில் கடல்வழி சென்ற சீனப் பயணி வாங் தாயுவான், சமவெளியொன்றில் நின்ற செங்கல் கோபுரத்தைப் பற்றி எழுதினார். அதில் 1267ஆம் ஆண்டில் பணி முடிந்தது எனச் சீன எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது என்பது அவர் தரும் செய்தி. அக்கோபுரம் நாகப்பட்டினத்தில் நின்றதே என ஆய்வாளர் பலர் கொள்வர்.

19ஆம் நூற்றாண்டிலும் நாகப்பட்டினத்தின் வடபுறத்தில் பழங்கோபுரம் ஒன்று நின்றது. ஊரார் அதனைப் ‘புதுவெளிக் கோபுரம்’ என்றனர். ஐரோப்பியர் ‘சீனக் கோபுரம்’ என்றனர். கடலில் செல்லும் கலங்களுக்கு அது கரைகாட்டும் அடையாளமாக இருந்தது. இக்கரையை நோக்கி வந்த மாலுமிகள் அதனைக் கண்டே நாகப்பட்டினத்தை அறிந்தனர். ஃபுக் தக் சி கோயிலிலும் நாகூர் நினைவிடத்திலும் மக்கள் நிறைந்திருந்த அதே காலத்தில், 1867இல், அக்கோபுரம் அரசின் இசைவோடு இடித்துத் தள்ளப்பட்டது. பாழடைந்துவிட்டது, இனிப் பயனில்லை என்பது அன்றைய கருத்து. கட்டடம் ஒன்றை அகற்றுவதற்கு எக்காலத்திலும் எளிதாகக் கிடைக்கும் காரணம் இதுவே.

அது பௌத்தர் எழுப்பியதா, சீனர் எழுப்பியதா, வேறெவரேனும் எழுப்பியதா என்று அறிஞர்கள் இடிக்கப்பட்ட பின்னரே விரிவாக வாதிட்டனர். அப்போது தொட்டுப் பார்க்க ஒரு செங்கல்லும் அங்கே நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகள் பல சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. கோபுரத்தைப் பொறுத்தவரை எஞ்சியது, வால்டர் எலியட் என்னும் ஆங்கிலேய அலுவலர் 1846இல் வரைந்துகொண்ட ஓவியமும் அவர் எழுதிவைத்த சில வரிகளுமே. மூன்று நிலைகள், சுண்ணச்சாந்து இல்லாமல் நெருக்கமாக அடுக்கிய செங்கற்கள், நிலைகளைப் பிரிக்கும் வரிவேலைப்பாடு, நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு வாயில். அவ்வாயில்களின் வழியே வந்து போனவர் யார் என்பதை அந்த ஓவியம் காட்டவில்லை.